மாற்றும் முன் அளந்து பாருங்கள்

(அரசு பாலிடெக்னிக் மாணவர்களிடையே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்குக்கு ஏறி வரும்போது மாடிப்படிக்கு அடியில் ஒரு குவியலைப் பார்த்தேன். நாற்பதுக்குக் குறையாத சிபியூக்கள். தூசி படிந்து, சிலவற்றின் பக்கத் தகடு கழன்று, ஒயர்கள் வெளியே தொங்கக் கிடக்கின்றன. கழிவுக் கணக்கில் எழுதியாகிவிட்டது, ஏலத்துக்குக் காத்திருக்கின்றன என்று ஆய்வக உதவியாளர் சொன்னார். அங்கேயே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டேன். அந்தக் குவியலை மனதில் வைத்துக்கொண்டுதான் இப்போது பேசுகிறேன்.

நான் தொழில் கற்றது சென்னை ரிச்சி தெருவில். அண்ணா சாலையை ஒட்டி, நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போன இடம் அது. 1998-இல் நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர்கள் பலர், ரேடியோவும் டிவியும் பார்த்துக் கை பழகியவர்கள். என் முதலாளி அண்ணனும் அப்படித்தான். எங்களைப் போலக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வந்தவர்கள் பெட்டியைத் திறந்ததும் பாகங்களைப் பார்ப்போம். அவர் மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பார்.

முதல் வாரம் ஒரு சிஸ்டம் வந்தது. ஃபேன் ஓடுகிறது, திரை இருட்டு. நான் ராமைக் கழற்றி, அதன் பற்களை அழிரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டினேன். டிஸ்ப்ளே வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "எதனால போச்சு?"

"ராம் பிரச்சினைண்ணே."

"அதே ராம்தானே இப்ப ஓடுது? அப்ப ராம் நல்லாத்தானே இருக்கு. எதனால போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் அவரே சொன்னார். தினமும் சூடேறி, தினமும் ஆறி, ராம் ஸ்லாட்டுக்குள் மயிரிழை மயிரிழையாக அசைகிறது. அந்த இடுக்கில் அழுக்கும் ஈரமும் ஒரு படலமாகப் படிகின்றன. தொடர்பு விட்டுப்போகிறது. ராம் கெடவில்லை, போர்டு கெடவில்லை, இரண்டுக்கும் நடுவில் இருப்பது கெட்டது. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: வாடிக்கையாளர் சொன்ன குறை, நான் அளந்த அளவு, உண்மையில் கண்ட காரணம். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் அன்றைக்கு ஒரு திட்டு உண்டு. இப்போது என்னிடம் அப்படி 31 நோட்டுகள் இருக்கின்றன.

இந்தத் தொழிலைக் கற்க வருகிறவர்கள் சீக்கிரம் பழகிக்கொள்வது மாற்றிப் பார்க்கும் வித்தையைத்தான். டெட் ஆகி வந்தால் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்று, வரவில்லையா, ராமை மாற்று, அதற்கும் வரவில்லையா, போர்டை மாற்று. பத்தில் ஆறு கேஸ் இப்படியே முடிந்தும் விடும். அவசரத்துக்கு நானும் செய்வதுண்டு, தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றிப் பார்க்க மட்டும் தெரிந்தவர் பத்து வருஷம் ஆனாலும் முதல் வருஷத்தில் இருந்த இடத்திலேயே இருப்பார். மிச்சமிருக்கும் நான்கு கேஸ்தான் தொழில் கற்றுக்கொடுக்கும். அப்படி ஒரு கேஸைச் சொல்கிறேன்.

2001-இல் திருப்பூருக்கு வந்து கடை போட்டேன். ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்திலிருந்து ஒரு சிஸ்டம் வந்தது. தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று புகார். சில நாள் இரண்டு முறை, ஷிப்மென்ட் நெருங்கும் நாட்களில் பத்து முறை. எனக்கு முன்னால் பார்த்தவர் ராமை மாற்றியிருந்தார், போர்டையும் மாற்றியிருந்தார். கடைக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் ஓட விட்டேன். அசையவில்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டு அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. திரும்ப ஓட விட்டேன், திரும்பவும் நன்றாகவே ஓடியது. மூன்றாம் முறை வந்தபோது, சிஸ்டத்தை இங்கே கொண்டு வராதீர்கள், நான் அங்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணிக்குப் போய் அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நோட்டில் மணி குறித்தேன். 10.40-க்கு ஒன்று, 11.25-க்கு ஒன்று, 11.50-க்கு ஒன்று. மூன்றாவது முறைதான் காதில் விழுந்தது. சிஸ்டம் அணைவதற்குக் கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன்னால், சுவருக்கு அந்தப் பக்கம் ஏர் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகிறது. அதே நொடியில் மேஜைக்கு அடியில் இருந்த யுபிஎஸ் 'டக்' என்று ஒரு சத்தம் போடுகிறது. டாங்கில் காற்றழுத்தம் குறையும்போதெல்லாம் கம்ப்ரஸர் தானாகக் கிளம்பும். ஷிப்மென்ட் நாட்களில் வேலை அதிகம், காற்றுச் செலவு அதிகம், கம்ப்ரஸரும் அடிக்கடி கிளம்பும். எனக்குப் புதிராக இருந்த கணக்கு அங்கே அவிழ்ந்தது.

மோட்டார் கிளம்பும்போது லைனில் வோல்டேஜ் ஒரு கணம் சரிகிறது. சாதாரண ஆஃப்லைன் யுபிஎஸ் அதை உணர்ந்து பேட்டரிக்கு மாறச் சில மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். பத்து மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் மின்சாரமே கிடையாது. நல்ல எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டர்களில் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டு சுமார் 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும். கணக்குப்படி போதுமானது. கழற்றிப் பார்த்தேன். 470 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்த இரண்டு பெரிய கெபாசிட்டர்களும் மீட்டரில் 200-ஐத் தொடவில்லை. உள்ளே இருந்த திரவம் சூட்டில் வற்றிப்போயிருந்தது. கடையில் லைன் சீராக இருந்ததால் அந்தக் குறை வெளியே தெரியவே இல்லை. 12 வோல்ட் ஒயரை எத்தனை முறை அளந்தாலும் 12.1 என்றுதான் காட்டியது.

இரண்டு கெபாசிட்டர்கள் வாங்கிப் போட்டேன். அந்த சிஸ்டம் அதற்கப்புறம் ஐந்து வருஷம் ஓடியது. அன்று அந்த அலுவலகத்தின் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்தபோது 34 வோல்ட் வந்தது. இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடம் அது. எர்த் குழியைக் கண்டுபிடித்துப் பார்த்தால் ஒயர் அறுந்து மண்ணுக்குள் கிடந்தது. அதையும் சரி செய்யச் சொன்னேன். எர்த் பார்க்கிற பழக்கத்தை நீங்கள் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் பிழைப்பது அடுத்த விஷயம், அதைத் தொடுகிறவர் பிழைக்க வேண்டும்.

உயிர் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லிவிடுகிறேன், கவனமாகக் கேளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே, நான் சொன்ன அந்தப் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். பிடுங்கிவிட்டேனே என்று கையை விடாதீர்கள். தடிமனான ரெசிஸ்டரையோ, ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பையோ அதன் இரு முனையிலும் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். பழுதுபார்த்த எஸ்எம்பிஎஸ்ஸை நேரே பிளக்கில் சொருகவும் கூடாது. ரேடியோக்காரர்கள் நமக்கு விட்டுப்போன சொத்து ஒன்று இருக்கிறது, சீரிஸ் பல்ப். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு அதன் வழியாகச் சப்ளை கொடுங்கள். பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் நல்லது. பளீரென்று நின்று எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. வெடிச்சத்தமும் இல்லை, கருகல் வாசனையும் இல்லை, பல்பு மட்டும் சேதி சொல்லும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காமலே பார்க்கக் கூடியதும் நிறைய உண்டு. 24 பின் கனெக்டரில் ஊதா ஒயரை முதலில் அளந்து பாருங்கள். சிஸ்டம் ஓடாதபோதும் அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். பவர் பட்டனையே உயிரோடு வைத்திருப்பது அந்த ஒயர்தான். அது இருந்தால் பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு ஒரு கம்பியால் இணையுங்கள், ஃபேன் சுற்ற வேண்டும். பிறகு மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். மஞ்சள் 11.4-க்குக் கீழே போனால் ஒதுக்கிவிடுங்கள். இந்த அளவுகளைச் சுமை கொடுத்து எடுக்க வேண்டும். நான் பைக்கின் 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மஞ்சள் ஒயரில் தொங்க விடுவேன். சும்மா இருக்கும்போது 12 காட்டிவிட்டு, பல்பு எரிந்ததும் 10.8-க்கு இறங்கிய எஸ்எம்பிஎஸ்கள் என் நோட்டில் ஏராளம்.

இவ்வளவையும் நாம் தெருக்கடையில் உட்கார்ந்து செய்ய முடிவது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஐபிஎம் தன் 5150 மாடல் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. அவசரமாக உருவாக்கியதால் அதில் பெரும்பாலும் வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களையே போட்டார்கள். அதோடு, தொழில்நுட்பக் கையேடு ஒன்றை வெளியிட்டு, அதில் சர்க்யூட் படங்களையும் பயாஸ் நிரலையும் அச்சிட்டார்கள். காப்புரிமை ஐபிஎம்மிடம்தான் இருந்தது. ஆனால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது வாசிக்கத் தெரிந்த யாருக்கும் தெரிந்தது. அடுத்த வருஷமே காம்பாக் தன் சொந்த பயாஸை எழுதி, ஐபிஎம் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகும் இயந்திரத்தை அறிவித்தது. அந்த வழியில்தான் உலகம் முழுக்க அசெம்பிள் செய்யும் கடைகள் வந்தன, ரேடியோ தெருவாக இருந்த ரிச்சி தெருவுக்கும் வந்தன. யாரோ செய்த போர்டில் யாரோ செய்த ராம் பொருந்துகிறது என்றால் அதற்குக் காரணம் பொது அளவுகள். 1995-இல் வந்த ஏடிஎக்ஸ் அளவுப்படி செய்த கேபினெட்டில் போர்டு திருகும் ஓட்டைகள் இன்றைக்கும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

நான் கற்ற காலத்தில் மறக்க முடியாதது 1999 ஏப்ரல் 26. சிஐஎச் என்ற வைரஸ், தைவான் மாணவர் ஒருவர் எழுதியது, அன்றைய தேதியில் விழித்துக்கொண்டது. ஹார்டு டிஸ்கின் தொடக்கத்தை அழித்ததோடு, பல போர்டுகளில் பயாஸ் சிப்பின் மீதே குப்பையை எழுதிவிட்டது. அதுவரை வைரஸ் என்றால் ஃபார்மட் செய்தால் போய்விடும் என்று நம்பியிருந்தோம். அன்று போர்டே உயிரற்றுப்போனது. மறுநாள் கடைக்குள் கால் வைக்க இடம் இல்லை. அண்ணன் ஒரு காரியம் செய்தார். அதே மாடலில் நல்ல போர்டு ஒன்றை டாஸில் ஓட விட்டார். பயாஸ் அப்போது ராமுக்கு நகலாகிவிட்டிருக்கும், சிப் தேவைப்படாது. ஓடிக்கொண்டிருக்கும் போர்டிலிருந்தே நல்ல சிப்பைப் பிடுங்கிவிட்டு, அழிந்த சிப்பை அதன் இடத்தில் சொருகி, புதிதாக எழுதினார். திருகுப்புளி நழுவினால் இரண்டு போர்டும் போகும். அவர் கை நடுங்கவில்லை. என் கைதான் பக்கத்தில் நின்றே நடுங்கியது. பயாஸ் என்பது என்ன, ராம் என்பது என்ன என்று புத்தகத்தில் படித்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

பிறகு கெபாசிட்டர் காலம். 2002-ஐ ஒட்டித் தொடங்கிச் சில வருஷங்கள், மோசமான திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்டுகளில் ஏறிவிட்டன. தலை தட்டையாக இருக்க வேண்டிய கெபாசிட்டர் உப்பி நிற்கும், பழுப்பாகக் கசியும். கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர். இந்த நான்கையும் பார்த்து வாங்கிப் போட்டு நூற்றுக்கணக்கான போர்டுகளைக் காப்பாற்றினோம். எனக்குச் சால்டரிங் கைவந்தது அந்த வருஷங்களில்தான்.

கம்ப்யூட்டரின் நோய் அது இருக்கிற ஊரையும் பொறுத்தது. திருப்பூரில் சிபியூவைத் திறந்தால் ஹீட்சிங்க் இடுக்கு முழுக்கப் பஞ்சு படிந்திருக்கும், சின்னக் கம்பளம் விரித்ததுபோல. தூத்துக்குடியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அனுப்பும் போர்டுகளில் உப்புக்காற்று பட்டுப் பச்சைப் பூசணம்போல அரிப்பு இருக்கும். மாவு மில், அரிசி மண்டி என்றால் எலி. ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்த மறுநாள் வருவதெல்லாம் நெட்வொர்க் போர்ட் எரிந்தவை, அவற்றில் பாதிக்கு எர்த் கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி ஒட்டிக் கருகிக் கிடப்பது எல்லா ஊருக்கும் பொது. வருகிறவரிடம் "என்ன பிரச்சினை" என்று கேட்பதோடு "எங்கே வைத்திருக்கிறீர்கள்" என்றும் கேளுங்கள்.

இனி நான் சொல்லப்போவது சொல்லக் கஷ்டமானது. 2004-இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் சிஸ்டத்தைக் கொண்டுவந்தார். விண்டோஸ் வரவில்லை. "ஃபார்மட் பண்ணணும் ஐயா, மை டாக்குமெண்ட்ஸை எடுத்து வெச்சுக்கறேன்" என்றேன். சரி என்றார். அப்படியே செய்து அனுப்பினேன். மாலையில் திரும்பி வந்தார். தன் ஊர்ப்பக்கத்துப் பாட்டிகளிடம் கேட்டுக் கேட்டு ஆறு வருஷமாகத் தட்டச்சு செய்த தாலாட்டும் ஒப்பாரியும் எங்கே என்று கேட்டார். அவர் அவற்றை மை டாக்குமெண்ட்ஸுக்கு வெளியே, சி டிரைவில் தனி ஃபோல்டரில் வைத்திருந்தார். நான் பார்க்கவில்லை. மீட்கும் மென்பொருளை மூன்று நாள் ஓட்டினேன். கால்பங்கு கூடத் திரும்பவில்லை, அதன் மேல் புது விண்டோஸ் எழுதப்பட்டுவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. பாடியவர்களில் பலர் இறந்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தாலும் முழு டிஸ்க்கையும் வேறொன்றில் நகல் எடுத்து, வாடிக்கையாளர் எல்லாம் இருக்கிறது என்று சொல்லும்வரை, குறைந்தது 15 நாள், வைத்திருக்கிறேன். பிறகு அழித்துவிடுகிறேன். அந்த நகலைத் திறந்து பார்க்கவும் நமக்கு உரிமை கிடையாது. ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று அடித்தால் உடனே அணைத்துவிடுங்கள், இன்னும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையே மிச்சத்தையும் கெடுக்கும். புது லேப்டாப்பில் பயாஸையோ போர்டையோ தொடும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி வாடிக்கையாளரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லையென்றால் டிஸ்க் நன்றாக இருந்தும் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது.

இன்றைய லேப்டாப்களில் ராமையும் சிலவற்றில் ஸ்டோரேஜையும் போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். கழற்றி மாட்டும் காலம் சுருங்குகிறது என்பது உண்மை. அதனால்தான் அளக்கத் தெரிந்தவருக்கு மதிப்புக் கூடுகிறது. டெட் லேப்டாப்பை இப்போது டிசி பவர் சப்ளையில் மாட்டி, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்பதிலிருந்தே வேலை தொடங்குகிறது. 19 வோல்ட் கொடுத்ததும் ஆம்பியர் எகிறினால் முதல் வழித்தடத்திலேயே ஷார்ட். பூஜ்யத்தில் நின்றால் உள்ளே போகவே இல்லை. என் கடையில் இந்தச் சிப் லெவல் வேலையில் சிறந்த கை ஒரு பெண்ணுடையது. முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். துணியில் விட்டுப்போன ஒரு தையலைப் பிடித்துப் பழகிய கண், மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் விட்டுப்போன சால்டரையும் பிடிக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் தங்கைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது ஆண்கள் தொழில் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி நம் நாட்டிலும் பேச்சு எழுந்திருக்கிறது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் அதற்கென ஒரு குழு அமைத்தது. நல்ல காரியம். ஆனால் உரிமை கிடைத்தாலும் பழுதுபார்க்கத் தெரிந்த கை வேண்டும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பழைய பிராசஸர்களை அது ஏற்காது. இதனால் மட்டுமே, ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ இயந்திரங்கள் குப்பைக்குப் போகின்றன. அவற்றில் ஒரு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட்டோ, சிடாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ ஏற்றினால் தட்டச்சுக்கும் பாடத்துக்கும் இன்னும் பல வருஷம் தாராளமாக ஓடும்.

முதல்வர் ஐயா, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்தக் குவியலை வரும் வழியில் நான் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன், மன்னிக்க வேண்டும். மேலே இருந்த எட்டில் மூன்றின் போர்டில் கெபாசிட்டர் உப்பியிருக்கிறது. இரண்டில் ராமே இல்லை. மற்ற மூன்றையும் அளக்காமல் சொல்ல முடியாது. ஏலத்துக்கு எடைபோட்டால் கிலோவுக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விதிகள் இடம் கொடுத்தால், அதில் பத்தை மட்டும் ஏலத்தில் சேர்க்காமல் இந்த மாணவர்களிடம் கொடுங்கள். ஒரு மேஜை, இரண்டு மல்டிமீட்டர், ஒரு சீரிஸ் பல்ப், ஆளுக்கு ஒரு நோட்டு போதும். சனிக்கிழமை தோறும் பிற்பகலில் நான் வருகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம். அடுத்த சனிக்கிழமையே தொடங்கலாம்.